தோட்டமும் சட்டமும்: மலையகத்திற் பொலிசும் நீதியும் இயங்கும் முறை

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது 1978ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் 12ஆம் உறுப்புரை. இவ்வாசகத்தை மறுப்பார் எவருமிலர். ஆயினும், ஒரே தண்டனைச் சட்டக்கோவை கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஹற்றனிலும் நடைமுறையில் இருக்கையில், தேயிலைத் தோட்டத்தில் மட்டும் அது வேறொரு முகத்துடன் தோன்றுவதேன் என்ற வினா ஆராயப்படாமலே இருந்து வருகின்றது. பொலிஸாரின் தனிப்பட்ட குணக்கேட்டையோ, ஒரு நீதவானின் மனப்போக்கையோ காரணமாகக் காட்டி அமைந்துவிடுவது எளிது. அது விடையாகாது. சட்டம் எந்த உற்பத்தி உறவுகளின் மத்தியில் இயங்குகின்றதோ அவ்வுறவுகளை முதலில் நோக்குதல் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தை மையமாகக் கொண்டு அவ்வுறவுகளைச் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஓராண்டிற் பிறந்த இரு சட்டங்கள்

1865ஆம் ஆண்டு இலங்கையில் இரு கட்டளைச்சட்டங்கள் நிறைவேறின. ஒன்று 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச்சட்டம். மற்றது 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டம். முன்னது, வேலை ஒப்பந்தத்தைத் தொழிலாளி மீறுவதைக் குடியியல் விவகாரமாகவன்றிக் குற்றமாகவே கொண்டது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல், கீழ்ப்படியாமை, மரியாதைக் குறைவு, வேலையிற் கவனயீனம் ஆகியவை மூன்று மாதம் வரையான சிறைத்தண்டனைக்குரியன. முதலாளியின் தவறுகளுக்கும் அதில் ஏற்பாடு உண்டெனினும், தென்னிந்தியக் கிராமமொன்றிலிருந்து கடனோடு வந்து, மொழியறியாத நாட்டில் நின்ற தொழிலாளி துரையின் மீது வழக்குத் தொடுப்பான் என எதிர்பார்ப்பது வீண். பின்னது, நாடளாவிய பொலிஸ் படையை ஒழுங்கமைத்தது.

இவ்விரு சட்டங்களும் ஒரே ஆண்டில் தோன்றியது தற்செயலாயினும், அவை சென்றடைந்த இடம் ஒன்றே. கோப்பிப் பயிர்ச்செய்கை உச்சத்திலிருந்த காலம் அது. 1840களில் அரசாங்க உத்தியோகத்தர் பலர் தாமே கோப்பித் தோட்ட உடைமையாளராயிருந்தனர் என்பது வரலாறு. நிலவுடைமையும் நிருவாகமும் நீதியும் ஒரே சமூகக் கூட்டத்தின் கையில் இருந்த அச்சூழலில், தோட்டத்தை விட்டோடிய தொழிலாளியைப் பிடியாணையுடன் தேடிச் செல்வது பொலிஸாரின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைப் பெருமளவிற் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பயிர் மாறிற்று, உறவு மாறவில்லை. கங்காணி பெற்ற முற்பணம் தொழிலாளியின் தலையிற் கடனாகச் சுமத்தப்பட்டது. அக்கடனைக் குறித்த சிறு காகிதமே துண்டு. தொழிலாளர் கூட்டத்தின் கடனைப் புதிய தோட்டம் செலுத்தினாலன்றி அவர்கள் இடம் பெயர இயலாது. துண்டின்றி வெளியேறியவன் ஓடிப்போனவன், ஓடிப்போனவன் குற்றவாளி. கடனைக் குற்றமாக்கிய இவ்வினோதப் பொறிமுறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்த மீறலுக்கான சிறைத்தண்டனையும் 1920களின் தொடக்கத்தில் மறைந்தது. எனவே, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேலாக, மலையகத் தொழிலாளி அரசை முதன்முதலிற் சந்தித்தது பாடசாலையிலன்று, வைத்தியசாலையிலுமன்று, பிடியாணையிலேயே ஆகும்.

2. வீடும் அத்துமீறலும்

சிறைத்தண்டனைப் பிரிவுகள் நீங்கியதும் தொழிலுறவு குற்றவியற் சட்டத்திலிருந்து விடுபட்டதெனக் கருதுவது தவறு. அது வேறொரு வாயிலால் உட்புகுந்தது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு குற்றமுறை அத்துமீறலை வரையறுக்கின்றது. பிறருடைய உடைமையில், குற்றம் புரியும் அல்லது உடைமையாளரை அச்சுறுத்தும், அவமதிக்கும், தொல்லைப்படுத்தும் நோக்குடன் பிரவேசித்தலோ தங்கியிருத்தலோ குற்றமாகும். கிராமத்தவனுக்கு இது திருடனுக்கு எதிரான காப்பு. தோட்டத் தொழிலாளிக்கு இதன் பொருள் வேறு. அவன் பிறந்து வளர்ந்த லயக்காம்பிரா தோட்டத்தின் உடைமை. அங்கு அவன் குடியிருப்பது அவன் அங்கு வேலை செய்வதால். வேலை நீங்கின், பத்துச்சீட்டுக் கையிற் கிடைத்த மறுகணமே, குடியிருப்பவன் அத்துமீறியவனாகும் ஆபத்து நேர்கின்றது. கூலியும் கூரையும் ஒரே கையிலிருந்து வருமிடத்து, வேலைநீக்கம் வெறும் வேலைநீக்கமாக அமையாது. சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டமை இந்நிலையின் சாரத்தை உணர்ந்த ஒருவரின் தெரிவு எனலாம்.

தொழிலாளியைக் காண வருவோருக்கும் இச்சட்டம் தடையாயிருந்தது. 1920களிலும் 1930களிலும் தொழிற்சங்கம் அமைக்க முனைந்த கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குட் புகுந்தார் என்பது மலையகத்திற் பரவலாக வழங்கும் செய்தி. சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்தினுட் செல்வதற்கான சட்ட உரிமை 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தாலேயே உறுதிசெய்யப்பட்டது. நாடு சுதந்திரமடைந்து இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னரே தொழிலாளியின் வாயிற்படிக்கு அவனுடைய சங்கத்தார் அச்சமின்றி வர முடிந்தது என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

மார்க்ஸ் இளம் பத்திரிகையாளராயிருந்த காலத்தில், 1842இல், றைன் மாகாணச் சபை விறகு பொறுக்குவதைத் திருட்டாக்கியமை பற்றி எழுதிய கட்டுரைகள் இங்கு நினைவுகூரத்தக்கவை. தலைமுறை வழக்கமாயிருந்த ஒன்றை உடைமையாளரின் நலனுக்காகக் குற்றமாக மாற்றும்போது, அரசு பொதுநலனின் காவலன் என்ற நிலையிலிருந்து தனியுடைமையின் காவற்காரன் என்ற நிலைக்கு இறங்குகின்றது என்பது அவர் வாதத்தின் உட்பொருள். காய்ந்த மரக்கிளைக்கும், லயத்தின் பின்புறம் போட்ட மரக்கறிப் பாத்திக்கும், மாட்டுக்கு அறுத்த புல்லுக்கும் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை எதிர்நோக்கி நிற்கும் மக்களிடையே இவ்வாதத்தை விளக்குவதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

3. துப்பாக்கிச் சூடுகள் இரண்டு

1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் நடந்த வேளையிற் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். இது பற்றி ஆணைக்குழு விசாரணை நடைபெற்றது. கோவிந்தனின் மனைவி சார்பிற் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். விசாரணை முடியும் வரை தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைக்க வேண்டுமென்ற உள்நாட்டமைச்சரின் பணிப்பைப் பொலிஸ் மா அதிபர் முழுமையாக ஏற்கவில்லை. ஆளுநர் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். அதனால் அமைச்சர் குழு பதவி துறந்தது. பொலிசுக்குப் பணிப்பது மக்கள் தெரிந்த அமைச்சரா, குடியேற்ற அதிகாரமா என்ற யாப்பியல் வினா ஒரு தோட்டத் தொழிலாளியின் பிணத்தின் மீதே எழுந்தது என்பதை எமது வரலாற்று நூல்கள் அழுத்திக் கூறுவதில்லை.

1977 மே 11ஆம் திகதி, தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள டெவன் தோட்டத்திற் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானார். நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தெடுப்பதற்கு எதிரான போராட்டத்தின்போது நிகழ்ந்தது இது. முல்லோயாவில் துரைமார் வெள்ளையர். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின்னர் தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்தன. டெவன் நிகழ்ச்சிக் காலத்தில் உடைமையாளர் அரசே. உடைமை கைமாறியபோதும் துப்பாக்கி நோக்கிய திசை மாறவில்லை. அரசுடைமை தன்னளவிற் சமூகவுடைமையாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாற்றப்பட்டபோதும் இக்கூற்று அவ்வாறே பொருந்தும்.

4. பிரசாவுரிமையும் சந்தேகமும்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் 1974இன் தொடர் ஒப்பந்தமும் அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டன. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே இவ்வநீதி சட்டவளவில் நிவர்த்தியாயிற்று. இதன் அரசியல் விளைவுகள் பலராற் பேசப்பட்டுள்ளன. நீதி நிருவாகத்தின் மீது அது விட்டுச் சென்ற தழும்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை. வாக்கற்றவனின் முறைப்பாட்டுக்காகப் பொலிஸ் நிலையத்தில் வினவும் பாராளுமன்ற உறுப்பினர் எவருமிலர். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவனுக்கு அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாதவன் சோதனைச் சாவடியிற் சந்தேகநபர். கொழும்பில் உணவுச்சாலைகளிலும் கடைகளிலும் வேலைக்குச் சென்ற மலையக இளைஞர் யுத்த காலத்தில் இதன் முழுப்பாரத்தையும் அனுபவித்தனர்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகமெனக் கூறப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022இல் திருத்தத்துக்கு உள்ளாயிற்று. பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளித்த குற்ற ஒப்புதல் சான்றாகாது என்பது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச்சட்டம் வகுத்த விதி. இச்சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்டவர் முன் செய்யப்படும் ஒப்புதலைச் சான்றாக ஏற்கின்றது. தான் வாசிக்கவியலாத மொழியில் எழுதப்பட்ட ஒப்புதலிற் கையொப்பமிடும் ஒருவனுக்கு இவ்விதிவிலக்கு எதனைக் குறிக்கும் என்பது வெளிப்படை.

2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில் தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபத்தைந்துக்கு மேற்பட்டோர் கும்பலொன்றாற் கொல்லப்பட்டனர். பொலிஸார் அங்கிருந்தும் தடுக்கவில்லை. 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரணதண்டனை விதித்தது. மேன்முறையீட்டில், 2005 மே மாதத்தளவில் அனைவரும் விடுதலையாயினர். அரசின் காவலில் இருந்தோரின் சாவுக்கு இறுதியில் எவரும் பொறுப்பாளியாகவில்லை. ஊவாவில் நிகழ்ந்ததாயினும், இது மலையகம் முழுவதினதும் நினைவில் ஆழப் பதிந்துள்ளது.

5. வாக்குமூலம் எம்மொழியில்?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். 1999இல் இம்மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகத்துக்குரியனவாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகக் கொடுக்கப்படும் முறைப்பாட்டை முறைப்பாட்டாளரின் மொழியிலேயே எழுத வேண்டும் என்கின்றது. அது இயலாவிடின் அவரையே எழுதித் தரும்படி கேட்டல் வேண்டும். அவராலும் இயலாவிடிற் காரணத்தைப் பதிவுசெய்து வேறொரு தேசிய மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தல் வேண்டும்.

சட்டம் விதிவிலக்காக வைத்தது நடைமுறையிற் பொதுவிதியாகிவிட்டது. ஏனெனிற் பொலிஸ் நிலையங்களில் உள்ளோருட் பெரும்பான்மையோர் சிங்களம் மட்டுமே எழுதவல்லோர். முறைப்பாட்டாளர் தமிழிற் சொல்கிறார். அருகில் நிற்கும் யாரோ ஒருவர் அரைகுறையாக மொழிபெயர்க்கிறார். உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுகிறார். எழுதியதை வாசியாமலே முறைப்பாட்டாளர் ஒப்பமிடுகிறார். மாதங்கள் கழிந்து நீதிமன்றிற் சாட்சியளிக்கையில், அவ்வேட்டில் உள்ளதற்கும் அவர் சொல்வதற்கும் இடையிலான வேற்றுமை அவருக்கு எதிராகவே எடுத்துக்காட்டப்படுகின்றது. சாட்சி பொய்யனாகிறான், மொழிபெயர்ப்பின் பிழை மறைந்துவிடுகின்றது.

நீதிமன்றத்தில் இந்நிலை ஓரளவு வேறு. அரசியல் யாப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழியை அறியாத தரப்பினருக்கு அரசு மொழிபெயர்ப்பு வசதி அளித்தல் வேண்டுமென்கின்றது. ஆயின் வழக்கின் விதி பெரும்பாலும் பொலிஸ் நிலையத்தின் முதற் பக்கத்திலேயே நிர்ணயமாகிவிடுகின்றது. மொழியுரிமையைப் பண்பாட்டு உரிமையாக மட்டும் பேசிவந்த எமது அரசியல், அது ஒருவனின் சுதந்திரத்தையே தீர்மானிக்கும் சான்றியல் விவகாரம் என்பதைப் போதிய அளவு உணரவில்லை.

6. வறுமையின் தண்டனை

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குதலே விதி, மறுத்தல் விதிவிலக்கு என்ற கோட்பாட்டை ஏற்றது. ஆயினும் பிணைக்கு ஆள் வேண்டும். அவ்வாளுக்கு நிலையான முகவரியும் வருமானமும் வேண்டும். நிலவுரித்தற்ற லயத்தில் நாட்சம்பளத்தில் வாழும் உறவினர் மத்தியில் அத்தகையவரைத் தேடுவது எளிதன்று. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. வழக்குக்குச் செல்லும் ஒவ்வொரு தவணையும் ஒரு நாட்பேர் இழப்பு. அதன்மேற் பேருந்துக் கட்டணம். அதன்மேற் சட்டத்தரணியின் கட்டணம். இதனாற் குற்றம் புரியாதவரும் வழக்கை முடித்துக்கொள்வதற்காகவே குற்றத்தை ஏற்றுத் தண்டப்பணம் செலுத்த விழைதல் இயல்பே. செலுத்த இயலாதோர் சிறை செல்வர். இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனை பெற்றுச் செல்வோருட் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாதோரே. ஒரே தொகைத் தண்டம் கடைமுதலாளிக்கு ஓர் அசௌகரியம். கொழுந்து பறிப்பவளுக்குச் சிறை.

அடிப்படை உரிமை மீறலுக்குப் பரிகாரம் உண்டு. ஆனால், யாப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அதனை உயர் நீதிமன்றத்திலேயே, ஒரு மாத காலத்துக்குள்ளே கோருதல் வேண்டும். அந்நீதிமன்றம் கொழும்புப் புதுக்கடையில் உள்ளது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் முறையிட்டால் அவ்விசாரணைக் காலம் கணக்கிற் சேராது என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம் தரும் சலுகை. இதனை அறிந்த தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர்?

தொழிற் பிணக்குக் குற்றமாகும் பழைய வழக்கமும் மறையவில்லை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குச் சட்டம் இணக்கத்துக்கும் நடுத்தீர்ப்புக்கும் வழிவகுத்துள்ளது. ஆயினும் 2021 பெப்ரவரியில் மஸ்கெலியாப் பகுதியின் ஓல்டன் தோட்டத்தில் நிருவாகத்துக்கும் தொழிலாளருக்கும் ஏற்பட்ட மோதலின் பின்னர், தொழிலாளர் பலர் கைதாகினர். முப்பதுக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். தாக்குதல் குற்றமே, அதனை விசாரித்தல் பொலிஸாரின் கடமையே. ஆயின், அம்மோதலுக்கு முன் திரண்டிருந்த பிணக்கு விசாரிக்கப்பட்ட வேகமும், கைது நிகழ்ந்த வேகமும் ஒன்றல்ல. 2023 ஓகஸ்டில் மாத்தளை றத்வத்தைத் தோட்டத்தில் அதிகாரியொருவர் தொழிலாளர் குடும்பமொன்றின் குடியிருப்பை உடைத்தெறிந்த காட்சி நாடெங்கும் பரவியது. காணொளி பரவியிராவிடின் அவர் மீது நடவடிக்கை எழுந்திருக்குமா என்ற ஐயம் நியாயமானது.

7. உட்சமரசமும் பெண்களும்

தோட்டத்தினுள்ளே வேறொரு நீதிமுறை உண்டு. சண்டை, களவு, குடும்பப் பிணக்கு யாவும் தோட்டத் தலைவரிடமோ துரையின் கந்தோரிலோ பேசித் தீர்க்கப்படும். பொலிஸ் நிலையத்தின் தூரமும் அந்நியமும் இம்முறைக்கு வாழ்வளித்தன. இதிற் கூட்டுவாழ்வின் நற்பண்புகள் சில உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், தலைவர் பெரும்பாலும் ஆண். துரை எப்போதும் நிருவாகம். மனைவியை அடித்தவன் எச்சரிக்கையுடன் தப்புகின்றான். சிறுமிக்கு நேர்ந்த கொடுமை மானம் என்ற பெயரில் மூடப்படுகின்றது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெற இடமளித்தும், லயத்துப் பெண் அதனை அணுகுவதற்குள் சமரசம் அவளை முந்திவிடுகின்றது. வர்க்க ஒற்றுமையின் பெயரால் பெண்ணின் முறைப்பாட்டை ஒடுக்குவது வர்க்க ஒற்றுமையாகாது. தொழிற்சங்கங்கள் இதற்குப் பதில் கூறக் கடமைப்பட்டவை.

தோட்டத்தை விட்டு வீட்டு வேலைக்குச் செல்வோரின் கதையும் இதன் தொடர்ச்சியே. 2021 ஜூலையில் டயகமையைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியொருத்தி, தான் பணிபுரிந்த கொழும்பு அரசியல்வாதியொருவரின் வீட்டில் எரிகாயமுற்று மாண்டாள். 2023 மே மாதத்தில், பதுளைப் பகுதியைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண்ணொருவர் நகைத் திருட்டு முறைப்பாட்டின் பேரிற் கைதாகி, வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். எசமானரின் முறைப்பாட்டுக்கு இயங்கும் விரைவும், பணியாளரின் சாவுக்கு இயங்கும் மந்தமும் 1865இன் நிழலை நினைவூட்டுகின்றன.

8. செய்யவேண்டியவை

சட்டம் முற்றிலும் ஆளும் வர்க்கத்தின் கருவியே எனக் கூறி ஒதுக்கிவிடுவது எளிய முடிபு. ஆனால் முழுமையான முடிபன்று. ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டாம் நூற்றாண்டின் கொடிய வேட்டைச் சட்டங்களை ஆராய்ந்த பின்னரும், சட்டத்தின் ஆட்சி ஆள்வோரையும் ஓரளவு கட்டுப்படுத்துகின்றது என்ற முடிவுக்கு வந்தார். எமது அனுபவமும் இதற்கு மாறன்று. துண்டு முறை தானாக மறையவில்லை. எதிர்ப்பும் கிளர்ச்சியும் அதனை மறையச் செய்தன. 1970இன் நுழைவுரிமைச் சட்டமும் பிரசாவுரிமைச் சட்டங்களும் போராட்டத்தின் பேறுகளே. எனவே சட்டம் விலங்காகவும், விலங்கை முறிக்கும் களமாகவும் ஒருங்கே விளங்குகின்றது.

இந்நோக்கில் நான்கு கோரிக்கைகள் முதன்மை பெறுகின்றன. முதலாவது, 109ஆம் பிரிவின்படி முறைப்பாடும் வாக்குமூலமும் தமிழிலேயே பதிவுசெய்யப்படுதல். அதற்கு மலையக இளைஞரும் பெண்களும் பொலிஸ் சேவையிற் போதிய அளவிற் சேர்க்கப்படுதல். இரண்டாவது, 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, கைதான கணத்திலிருந்து தமிழறிந்த சட்டத்தரணியை ஹற்றனிலும் நுவரெலியாவிலும் இலவசமாக வழங்குதல். மூன்றாவது, தொழிற் பிணக்கிலிருந்து எழும் முறைப்பாடுகளில், தொழில் ஆணையாளரின் விசாரணையும் ஒருங்கே தொடங்குதல். நான்காவதும் அடிப்படையானதும், வீட்டுக்கும் காணிக்கும் தொழிலாளர் குடும்பத்தின் பெயரில், மனைவியின் பெயரையும் சேர்த்து, முழு உரித்து வழங்கப்படுதல். முதன் மூன்றும் நீதி நிருவாகச் சீர்திருத்தங்கள். நான்காவதோ அவற்றுக்கு நிலைக்களம். சொந்த வாயிற்படி உள்ளவனை அத்துமீறியவன் என எவரும் அழைக்க முடியாது. பிணையாளரைத் தேடுவதும், தலைவரின் தயவை வேண்டுவதும், துரைக்கு அஞ்சுவதும் அந்த அளவிற் குறையும்.

பொலிஸ் சீர்திருத்தம் பற்றிக் கொழும்பில் நிகழும் கருத்தரங்குகள் பெரும்பாலும் ஆணைக்குழுக்களையும் நியமனங்களையும் பற்றியே பேசுகின்றன. அவை வேண்டியனவே. ஆனால் மலையகத்திற் பொலிஸ் சீர்திருத்தம் என்பது இறுதியில் நிலச் சீர்திருத்தத்தின் ஓர் அத்தியாயம். இதனை உணராத எந்தத் திட்டமும் தொழிலாளியின் லயத்து வாயிலுக்கு முன்னரே நின்றுவிடும்.